தருமராக ஆடுவது யார்?

கூத்துப் பழகத் தொடங்குமுன் அண்ணாவியார் பாத்திரம் பங்கிடும்போது வீமனுக்கும் துச்சாதனனுக்கும் ஆள் தேடி அலைவதில்லை. குரல் எடுப்பும் கால் வீச்சும் உள்ள இளந்தாரிகள் தாங்களாகவே முன்னுக்கு வந்து நிற்பார்கள். எமனுக்கும் போட்டி இருக்கும். தருமருக்குத்தான் ஆள் சிக்குவது கடினம். ஆத்திரப்பட்டுக் குதிக்க முடியாது, பகிடி விட வழியில்லை, தோற்றாலும் முகம் கோணக்கூடாது. கதையில் மிக உயர்ந்த மனிதர் அவர்தான். ஆனால் விடிய விடிய விழித்திருக்கும் சபையின் கண் அவர் மேல் அதிக நேரம் தங்குவதில்லை.

நல்லவன் வேடம் ஏன் இத்தனை சிரமம்? இந்தக் கேள்வி கூத்துக் களரிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய மேசைப் பாத்திர விளையாட்டுகளிலும் ஐம்பது ஆண்டுகளாக இதே வாதம் நடக்கிறது. வன்னியில் அந்த விளையாட்டை அறிந்தவர்கள் சொற்பம். ஆனாலும் அந்த விளையாட்டுக்காரர்கள் முட்டி மோதி நிற்கும் சிக்கலுக்கு நமது கூத்தும் இசை நாடகமும் கோவில் சடங்கும் வெகுகாலமாக விடை தேடி வந்திருக்கின்றன. சில இடங்களில் அவர்களைவிட நன்றாகவே தேடியிருக்கின்றன.

விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, அரக்கன், ஊர்ச் சந்தை என்று வரும் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் அந்த இடத்தில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வேடமும் இல்லை, மேடையும் இல்லை, எழுதி வைத்த பாட்டும் இல்லை. கதை பல நாட்கள், சில வேளை பல வருடங்கள் கூடத் தொடரும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதற்கெல்லாம் மூலம்.

அந்த முதல் விதிநூலிலேயே ஒவ்வொரு பாத்திரமும் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுநிலையா என்று சொல்லியாக வேண்டும். போல் ஆண்டர்சன் என்ற நாவலாசிரியரின் மாயக் கதைகளில் இருந்து வந்த பிரிவினை அது. 1975இல் வெளிவந்த இணைப்பு நூலில் ‘பாலடின்’ என்ற அறவீரன் பாத்திரம் சேர்க்கப்பட்டது. 1978இல் அவனுக்கான விதிகள் இன்னும் இறுகின. மனிதனாக மட்டுமே இருக்கலாம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்ய வேண்டும். பத்துக்கு மேல் மந்திரப் பொருட்கள் வைத்திருக்கக் கூடாது. ஒழுங்கு தவறினால் பிராயச்சித்தம் உண்டு. ஆனால் தெரிந்துகொண்டு ஒரே ஒரு தீச்செயல் செய்துவிட்டால் வரங்கள் எல்லாம் திரும்ப வராதபடி போய்விடும். இவனாக ஆடுவதற்கு ஆளுமைக் கவர்ச்சிக்கு 17 புள்ளிக்குக் குறையாமல் விழுந்திருக்கவும் வேண்டும். மூன்று பகடைகளை ஒன்றாக உருட்டினால் 216 வகையில் விழலாம். அவற்றில் நான்கில்தான் 17 அல்லது 18 வரும். அதிர்ஷ்டம் இருந்தால்தான் நல்லவனாக இருக்க முடியும் என்பது போன்ற ஒரு விசித்திரம் இது.

மேசையில் என்ன நடந்தது? ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கொள்ளையர் கோட்டையில் ஊர்ப் பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். பொழுது விடிந்தால் அவர்களை விற்றுவிடுவார்கள். குழுவில் இருக்கும் கள்ளன் காவற்காரனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்துத் திறப்பை எடுத்துவிடலாம் என்கிறான். மந்திரக்காரி பொய் உருவம் எடுத்து உள்ளே போகலாம் என்கிறாள். அறவீரனாக ஆடுபவர் எழுந்து, வஞ்சகம் கூடாது, வாசலில் நின்று கொள்ளையர் தலைவனைப் போருக்கு அழைப்பேன் என்கிறார். அவர் பாத்திரப்படி அது சரி. ஆனால் மற்ற மூவரும் அன்றிரவு முழுக்க அவர் கொள்கையைச் சுற்றியே ஓட வேண்டியதாகிறது. பிள்ளைகள் தப்பாவிட்டாலும் அறவீரன் கையில் கறை இல்லை. இப்படிப்பட்டவர்களோடு விளையாடி அலுத்துப் போனவர்கள் ஏராளம். இவர்களைப் பழிக்க விளையாட்டுக்காரர்கள் மத்தியில் தனிப் பட்டப்பெயரே உண்டு. நல்ல பாத்திரம் சப்பென்று இருக்கும், கூட இருப்பவர்களுக்குத் தொல்லை என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது.

இந்தக் குற்றச்சாட்டு பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க மயானத்துக்குப் போக வேண்டும்.

ஈழத்து இசை நாடகத்தில் அரிச்சந்திரன் என்றவுடன் நினைவுக்கு வருபவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்து. அவரும் அவருடைய வசந்தகான சபாவும் ‘மயான காண்டம்’ நாடகத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார்கள். கோவில் திருவிழாக்களில் கொட்டகை போட்டு நடக்கும் அந்த நாடகத்துக்கு மக்கள் பாயும் சாக்கும் கொண்டு வந்து இருப்பார்கள். எல்லோருக்கும் முடிவு தெரியும். பாட்டும் தெரியும். இருந்தும் அழுதார்கள்.

அந்தக் காட்சியை அருகே போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். நாட்டை இழந்த அரசன் வீரபாகுவுக்கு அடிமைப்பட்டுச் சுடலை காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாள். பிணம் சுடக் கட்டணம் உண்டு: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அவளிடம் எதுவும் இல்லை. அவள் கழுத்துத் தாலி அவன் கண்ணில் படுகிறது. கணவனைத் தவிர வேறெவர் கண்ணுக்கும் தெரியாத தாலி அது. வந்தவள் சந்திரமதி, கிடப்பவன் தன் மகன் லோகிதாசன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. இந்த இடத்தில் கட்டணத்தை விட்டுவிட்டால் கேட்பாரில்லை. நள்ளிரவு, சுடலை, பெற்ற பிள்ளை. வாய்க்கரிசி தன் பங்கு, அதை விடலாம். கால் பணமும் முழத்துண்டும் எசமானுக்கு உரியவை, அவற்றை விடும் உரிமை தனக்கில்லை என்று நிற்கிறான்.

நல்லவன் வேடம் உயிர் பெறுவது இங்கேதான். எது தன்னுடையது, எது மற்றவனுடையது என்று பிள்ளையின் பிணத்துக்கு முன்னால் நின்று பிரித்துப் பார்க்கும் ஒரு மனிதனைச் சபை பார்க்கிறது. பொய் சொல்லாதவன் என்று அவனைக் கட்டியங்கூறி அறிமுகப்படுத்தினால் ஒருவரும் அழப் போவதில்லை. சரியானதைச் செய்ய அவன் கொடுக்கும் விலை கண்முன்னே எண்ணி வைக்கப்படுவதால்தான் அழுகிறார்கள். சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்த காந்தி, அது தன் மனதைப் பல நாட்கள் பிடித்து ஆட்டியதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நல்லொழுக்கப் பாடம் கேட்ட பிள்ளைகள் இந்தியாவில் எத்தனையோ கோடி இருந்திருப்பார்கள். நாடகம் பார்த்த பிள்ளைக்குத்தான் அது ஒட்டியது.

ஆனால் அரிச்சந்திரனிடமும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. தன்னை விற்பதற்கு முன் அவன் மனைவியையும் மகனையும் காலகண்டையருக்கு விற்றுவிடுகிறான். அவனுடைய வாக்கு தவறாமல் இருக்கச் சந்திரமதி அடிமையாகிறாள், லோகிதாசன் புல்லறுக்கப் போய்ப் பாம்பு கடித்துச் சாகிறான். தேவர்கள் கடைசியில் வந்து எல்லாவற்றையும் திருப்பித் தருகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி மறைந்து போவதில்லை. தருமர் கதையும் இதே கதைதான். சூதாட வா என்ற அழைப்பை மறுப்பது அரச தருமம் அல்ல என்று போய் உட்கார்ந்தவர் நாட்டை வைத்தார், தம்பிமாரை வைத்தார், தன்னையும் வைத்துத் தோற்ற பிறகு திரௌபதையை வைத்தார். தன்னை இழந்தவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்டதற்குச் சபையில் பெரியவர்கள் எவருக்கும் பதில் வரவில்லை. மேசை விளையாட்டுக்காரர்கள் அறவீரன்மேல் வைக்கும் குற்றச்சாட்டை வியாச பாரதம் தருமர்மேல் வெகு முன்பே வைத்துவிட்டது. நான் நல்லவனாக இருப்பதற்கான செலவை அடுத்தவர் தலையில் கட்டலாமா என்பதுதான் அந்தக் குற்றச்சாட்டு. அதுவும் பகடை உருண்டுகொண்டிருந்த ஒரு பலகையைச் சுற்றியே எழுந்தது.

2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கம்பி வேலிக்குள் இருந்த மாவட்டம் வவுனியா. எடுத்த முடிவு ஒருவருடையது, சுமந்தவர் இன்னொருவர் என்பதை இங்குள்ள குடும்பங்களுக்கு யாரும் கதை சொல்லி விளக்கத் தேவையில்லை. ஆகவே இந்த மண்ணில் நல்லவன் வேடத்தைப் பற்றிப் பேசும்போது சந்திரமதியின் பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் விடுவது நேர்மையாகாது.

பகடையும் அறமும் சேர்ந்த பலகை நம்மிடம் இன்னொன்றும் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதம். புண்ணியம் ஏணியாகவும் பாவம் பாம்பாகவும் வரையப்பட்ட கட்டங்களில் காய் நகரும். வெள்ளைக்காரர் அதைப் பாம்பும் ஏணியுமாகக் கொண்டு போய்க் குழந்தை விளையாட்டாக்கினார்கள். பரமபதத்தில் ஆடுபவர் எதையும் தெரிவு செய்வதில்லை. தானம் செய்தீர்கள் என்று பகடைதான் சொல்கிறது, ஏறிப் போகிறீர்கள். வினைப்பயனைப் பற்றிச் சொல்ல அது நல்ல கருவி. ஆனால் ஒருவர் நல்லவராக முடிவெடுக்கும் கணத்தைக் காட்ட அதற்கு வலுவில்லை. மேசைப் பாத்திர விளையாட்டின் பலம் இதற்கு நேர் எதிரானது. அங்கே பெரும்பாலும் முடிவு ஆடுபவருடையது, பகடைக்கு உரியது பலன் மட்டும்.

முடிவெடுக்கும் கணத்தை நல்லபடி கையாண்ட விளையாட்டுகளும் பின்னர் வந்தன. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் வெளியிட்ட ‘பென்ட்ராகன்’ ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றியது. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் பதின்மூன்று குணச் சோடிகள் இருக்கும். இரக்கத்துக்கு எதிரே கொடுமை, நேர்மைக்கு எதிரே வஞ்சகம் என்று ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். ஒரு சோடியின் இரு பக்கமும் கூட்டினால் 20 வரும், ஒன்று ஏற மற்றது இறங்கும். நெருக்கடியில் 20 முகப் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். இரக்கம் 16 உள்ளவனுக்கும் சில வேளை பகடை ஏமாற்றும், அன்று அவன் கொடியவனாக நடந்துவிடுவான். பிறகு அந்தச் செயலோடு அவன் வாழ வேண்டும். நல்ல மனிதன் வழுக்கி விழுவதற்கு இடம் வைத்திருப்பதால் இந்த விதி மனித இயல்புக்குக் கிட்ட நிற்கிறது. ஒரே ஒரு தவறோடு எல்லாம் போய்விடும் என்ற 1978ஆம் ஆண்டு விதி மனிதரை அறியாதது.

வின்சென்ட் பேக்கர் 2004இல் எழுதிய ‘டோக்ஸ் இன் த வினியாட்’ வேறு வழியில் போனது. அமெரிக்க மேற்குப் பகுதியில் ஊர் ஊராகக் குதிரையில் போய், அங்கே புகுந்துவிட்ட பாவத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்புச் சொல்லும் இளம் சமயக் காவலர்களாக எல்லோரும் ஆட வேண்டும். அவர்கள் சொல்வது சரியா பிழையா என்று கதை நடத்துபவர் தீர்ப்பளிக்க விதி இடம் கொடுப்பதில்லை. வார்த்தையில் தோற்கும்போது கையை ஓங்கலாம், கையில் தோற்கும்போது துவக்கை எடுக்கலாம். இந்த ஊரைத் திருத்த நான் எவ்வளவு தூரம் போகத் தயார் என்ற கேள்வி ஆடுபவர் மேலேயே திரும்பும். நல்லவன் என்ற நம்பிக்கையே ஆபத்தாகும் இடத்தை இத்தனை நேராகக் காட்டிய விளையாட்டு வேறில்லை. மூல விளையாட்டும் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அறவீரன் எந்தக் குணப்பிரிவிலும் இருக்கலாம், அவனைக் கட்டுவது அவன் செய்த சத்தியம் மட்டுமே.

இனி வேடம் கட்டுபவர் பக்கம். நல்ல பாத்திரத்தை ஏற்பவர் நல்லவராகிவிடுகிறாரா? எம்.ஜி.ஆர். திரையில் மது குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அந்த உருவமே அவரை அரசியலுக்கு ஏற்றிவிட்டது. அவரிடம் படத்துக்குப் படம் அடி வாங்கிய எம்.என். நம்பியார் நேரில் மரக்கறி உணவுக்காரர், ஐயப்ப பக்தர்கள் பெரிய குருசாமியாகப் போற்றியவர். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வந்தால் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்றும், அதனால் அவரே பின்னாளில் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் நாடக உலகில் சொல்வதுண்டு. வேடத்தை வைத்து ஆளை அளப்பது பிழை. ஆனாலும் பல நாள் சுமக்கும் வேடம் ஆளிடம் ஒன்றையும் விட்டுப்போகாது என்று சொல்லவும் முடியாது.

அதற்குச் சான்று கிழக்கில் இருக்கிறது. கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் உற்சவம் பதினெட்டு நாள். ஊரவரில் தெரிவு செய்யப்பட்டவர்கள் பஞ்ச பாண்டவராகவும் திரௌபதையாகவும் வேடம் ஏற்று விரதம் காப்பார்கள். வனவாசம் என்று ஊர் வீதிகளால் நடந்து போவார்கள். அருச்சுனனின் தவநிலை நடக்கும். கடைசியில் தீமிதிப்பு. மேடை என்று தனியாக ஒன்றில்லை, ஊரே களரி. தருமராக வருபவர் வீடு வீடாகப் பார்க்கும் கண்களுக்கு முன்னால் நாட்கணக்கில் தருமராக இருக்க வேண்டும். பாட்டுக் கொப்பியை மனனம் செய்து ஓர் இரவு ஆடிவிட்டுப் போவதைவிட இது கடினம். பல அமர்வுகளாகத் தொடரும் மேசை விளையாட்டுக்கு உலகில் நெருங்கிய உறவு தேடினால், இந்தப் பதினெட்டு நாளைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

வன்னியின் சொந்தக் கூத்துகளுக்கு வருவோம். அம்மன் கோவில் நேர்த்திக்கு ஆடப்படும் காத்தவராயன் கூத்தில் நாயகன் நல்லவன் என்று சொல்ல முடியாது. தாய் முத்துமாரி தடுத்தும் கேளாமல் ஆரியமாலையை நாடிப் போகிறான், வேடம் மாறுகிறான், ஏமாற்றுகிறான், கடைசியில் கழுமரம் ஏறுகிறான். அவன் வளர வளர ஆதிக் காத்தான், நடுக் காத்தான், கடைக் காத்தான் என்று ஆட்கள் மாறி மாறி வருவார்கள். சனம் அவனைக் கைவிடுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் புதுப்பித்தபோதும் பெரும் பேரெடுத்தது ‘இராவணேசன்’. சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். குறையுள்ளவனுக்குள் மேன்மையைத் தேடுவது நடிகனுக்கும் சபைக்கும் இனிக்கும். குறையற்றவனுக்குள் என்னத்தைத் தேடுவது என்று தெரியாததால்தான் தருமர் தனித்து நிற்கிறார்.

வன்னியின் வீரன் பண்டாரவன்னியனுக்கும் இந்த ஆபத்து உண்டு. கற்சிலைமடுவில் கப்டன் ட்ரிபேர்க் அவனைத் தோற்கடித்த நாள் 1803 ஒக்டோபர் 31 என்று அங்குள்ள நடுகல் சொன்னது. முள்ளியவளை எழுத்தாளர் முல்லைமணி அவனை நாடகமாக்கினார், வவுனியா நகரில் சிலை நிற்கிறது. பாடசாலைகளில் அவன் மேடையேறும்போது அவனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் காக்கை வன்னியனாக வரும் பிள்ளைதான் பெரும்பாலும் கைதட்டு வாங்கும். பண்டாரவன்னியன் நிமிர்ந்து நின்று வீர வசனம் பேசிவிட்டு விழுந்துவிடுவான். அவன் எந்த முடிவை எடுக்கத் தயங்கினான், யாரை நம்பலாமா என்று இரவில் புரண்டான் என்பதை அந்த வசனங்கள் தொடுவதில்லை. குற்றம் வீரனிடம் இல்லை. வீரனைச் சிலையாகவே எழுதி மேடையில் ஏற்றுபவர்களிடம் இருக்கிறது.

இந்த எல்லா உதாரணங்களிலும் சிறந்தது முல்லைத்தீவில் இருக்கிறது. நந்திக்கடலோரம் வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசி விசாகத்தில் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிப்பது அங்குள்ள வழக்கம். கண்ணகியின் கதையை ஆடும் கோவலன் கூத்து முல்லைத்தீவின் தனிச்சொத்து. அந்தக் கதையில் நல்லவர் யார் என்று கேட்டால் எல்லோரும் கண்ணகியைச் சொல்வார்கள், அது சரியே. ஆனால் நல்லவன் வேடத்துக்கு இலக்கணம் தேடுபவர் பாண்டியனைப் பார்க்க வேண்டும். விசாரிக்காமல் கோவலனுக்குத் தண்டனை சொன்னவன் அவன். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தவுடன் சாட்டுச் சொல்லவில்லை, பொற்கொல்லன் மேல் பழியைப் போடவில்லை, அமைச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது என்று கண்டான், அந்த இடத்திலேயே உயிரை விட்டான். அரிச்சந்திரனும் தருமரும் அடுத்தவரைக் கொண்டு கொடுப்பித்த விலையை இவன் தானே கொடுத்தான். குறையில்லாத மனிதனும் அல்ல, பெரும் குறை செய்தவன். கூத்தில் அவனுக்கு நேரம் குறைவு. நல்ல நடிகன் கையில் அந்தக் கொஞ்ச நேரம் கோவலனின் மரணத்துக்குச் சமமாக நிற்கும்.

ஆக, நல்லவன் வேடம் இயல்பிலேயே சுவையற்றது என்ற பேச்சை ஏற்க வேண்டியதில்லை. அவனுக்கு முன்னால் இரண்டு வழி இருக்க வேண்டும், இரண்டிலும் இழப்பு இருக்க வேண்டும், இழப்பின் பெரும்பங்கு அவனுடையதாக இருக்க வேண்டும். அவன் சறுக்கவும் இடம் வேண்டும். மேசையில் இது இல்லாதபோது அறவீரன் மற்ற ஆட்டக்காரர்களின் தலையில் ஏறி இருக்கிறான். மேடையில் இது இல்லாதபோது தருமரைப் பார்த்துச் சபை கொட்டாவி விடுகிறது.

இலங்கைப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஓகஸ்தோ போவால் வகுத்த முறையை அந்தத் துறையினர் அறிவார்கள்: நாடகம் பிழையான முடிவில் நிற்கும், பார்வையாளர் ஒருவர் மேடையேறி அந்தப் பாத்திரத்தின் இடத்தை எடுத்து வேறு முடிவு செய்து பார்ப்பார். அதற்கும் மேசை விளையாட்டுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்தப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு தவணை இதைச் செய்து பார்க்கட்டும். பாண்டியன் சபையை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். பாட்டுக் கொப்பியைக் கொடுக்காதீர்கள். பொற்கொல்லனின் முறைப்பாட்டைக் கேட்ட பாண்டியன் என்ன செய்வான் என்று அந்தப் பிள்ளையே முடிவெடுக்கட்டும், பலனை மட்டும் தாயக்கட்டையிடம் விடுங்கள். அண்ணாவிமாரையும் ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள்.